சும்மா நடக்குமா?

முடிச்சவிழ்ப்பவர்களைப் பிடிக்க நம் நாட்டில் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். முடிச்சுப் போடுகிறவர்களைப் பிடிக்க ஒருவரும் இல்லை. முன்னவர்கள் நம் மடியில் கை வைக்கிறார்கள். பின்னவர்கள் நம் மூளையில் கை வைக்கிறார்கள். எது பெரிய திருட்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

முடிச்சுப் போடுகிறவர் என்று நான் சொல்வது யாரை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். காலையில் பூனை குறுக்கே போனது, மத்தியானம் மேலதிகாரி திட்டினார் என்று இரண்டு சங்கதிகள் எங்கேயாவது பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் போதும், ஓடிவந்து இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று கேட்பார்: "சும்மா நடக்குமா சார்?" நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? சும்மாதான் நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரியாது என்று ஆகிவிடும். ஆகையால் தலையை ஆட்டிவிட்டு நகர்வீர்கள். நீங்கள் தலையாட்டியதையும் அவர் சாட்சியாகச் சேர்த்துக்கொள்வார்.

இந்த இனத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சாதாரண ஜாதி. அவர்கள் ராசி, சகுனம், கால் வைத்த வேளை என்று பேசுவார்கள். அவர்களால் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் அவர்களை எதிர்த்துப் பேச ஊரில் நாலு பேராவது உண்டு. இன்னொன்று உயர்ந்த ஜாதி. அவர்கள் ராசி என்றால் சிரிப்பார்கள். சகுனம் என்றால் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் நோட்டு இருக்கும்.

தென்னூர் மாத்ருபூதம் இரண்டாவது ஜாதி.

நயா பைசா வந்ததற்கு அடுத்த வருஷம் நடந்த கதை இது. மாத்ருபூதத்துக்கு அப்போது ஐம்பது வயது. ரயில் சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசில், எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தது என்று பட்டியல் போடுகிற வேலை. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்குள் முத்து முத்தாக எழுதி, கடைசியில் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடும்போது அவர் முகத்தில் வருகிற களையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் கட்டங்கள் அவருக்குப் போதவில்லை. வீட்டுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். ஊரில் நடப்பதெல்லாம் அதில் கட்டத்துக்குள் வந்து உட்காரும்.

"இது ஜோசியம் இல்லை. ஸ்டாடிஸ்டிக்ஸ்" என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து முடிகிறவரை எதிராளி பேசக்கூடாது.

பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் அப்துல் சுக்கூர் குடை ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். மாத்ருபூதம் நாலு மாதம் அந்த வழியாகப் போகும்போதும் வரும்போதும் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினார். பிறகு ஒருநாள் கடைக்குள்ளேயே போய் விஷயத்தை உடைத்தார்.

"பாய், உங்க கடையில கூட்டம் சேர்ற அன்னிக்கெல்லாம் ஊர்ல மழை பெய்யுது. ஒரு நாள் தவறலை."

சுக்கூர் குடைக்கம்பியை வாயிலிருந்து எடுத்தார். "மழை பெஞ்சாத்தானே சார் கூட்டம் சேரும்?"

"அதை நீங்க சொல்லக்கூடாது. நோட்டு சொல்லணும்."

சுக்கூர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவர் வியாபாரி, வாடிக்கைக்காரரோடு வாதாட மாட்டார்.

இதாவது போகட்டும். மூன்று வருஷம் தொடர்ந்து வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனார். சொர்க்கவாசலுக்காகப் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை ஓரமாக நின்று எத்தனை பஜ்ஜி போகிறது என்று எண்ணினார். செருப்பு வைக்கிற இடத்தில் நின்று எத்தனை பேர் வெறுங்காலோடு புலம்புகிறார்கள் என்று எண்ணினார். சாதாரண நாளிலும் போய் இரண்டையும் எண்ணினார். எண்ணிவிட்டு வந்து, பஜ்ஜி அதிகம் விற்கிற நாளில்தான் செருப்பு அதிகம் தொலைகிறது, ஆகவே எண்ணெய்ப் பலகாரம் ஞாபக சக்தியைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். அன்றுமுதல் வீட்டில் பஜ்ஜி நின்றது. "அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியில்லைங்களா?" என்று அவர் மனைவி மீனாம்பாள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"தின்னது பஜ்ஜியைத்தானே? கூட்டத்தையா தின்னாங்க?"

மீனாம்பாள் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்; எந்த இடத்தில் பேச்சை விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவர் ஆபீஸ் போன பிறகு வாழைக்காயைச் சீவி பஜ்ஜி போட்டுத் தின்றாள். அவள் செருப்பு ஒன்றும் தொலையவில்லை.

எதிர் வீட்டு சவரிராஜ் எஞ்சின் டிரைவர். பொன்மலை ரயில் பட்டறைச் சங்குபோலக் குரல். அவருக்கும் மாத்ருபூதத்துக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு இருந்தது. வண்டி வந்து சேரும்போது எஞ்சினில் யார் நிற்கிறாரோ அவர் பெயரைத்தான் மாத்ருபூதம் தாமதப் பட்டியலில் எழுதுவார். "நான் பாதி வழியில ஏறுறேன் சார். என் கையில குடுக்கும்போதே வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு. நான் அதுல கால் மணி நேரம் புடிச்சுக் குடுத்தேன். பேரு மட்டும் என் பேரா?" என்று சவரிராஜ் கேட்பார். "கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்பார் மாத்ருபூதம்.

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்தேன். இனிமேல் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சிரிக்க வேண்டும்.

தென்னூரில் அப்போது பிரசவம் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி வெள்ளையம்மாள். பரம்பரை மருத்துவச்சி, தெருவில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். மற்றவள் ஷரீபா. முப்பத்தைந்து வயது, முறையாக நர்ஸ் படிப்புப் படித்தவள், வெள்ளைச் சேலையும் கறுப்புத் தோல் பையுமாக நடந்துபோனால் தெருக்கோடியிலேயே தெரியும். இரண்டு பேருக்கும் சண்டை என்று ஊரில் சிலர் ஆசைப்பட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

மாத்ருபூதத்தின் மகள் பூரணி, மதுரையில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் வீட்டுக்கு வந்தாள். ஒரே மகள். அவள் மாட்டு வண்டியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்த மாத்திரத்தில் மாத்ருபூதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்பு வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கோபம் வரும். அவருக்குப் பட்டியல் வந்தது. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு தென்னூரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். இரண்டு வருஷத்தில் பிறந்த குழந்தை எத்தனை, ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா கஷ்டப் பிரசவமா, பார்த்தவர் யார்? முப்பத்தாறு பிரசவம் சேர்ந்தது. வெள்ளையம்மாள் பார்த்தது இருபத்திரண்டு. அதில் கஷ்டம் இரண்டே இரண்டு. ஷரீபா பார்த்தது பதினாலு; அதில் கஷ்டம் ஒன்பது.

ஒன்பது கட்டத்துக்கும் அடியில் சிவப்புக் கோடு இழுத்தார்.

"படிச்சவளாம், படிச்சவ" என்று நோட்டை மனைவியிடம் நீட்டினார். "பதினாலுக்கு ஒம்பது. சும்மா நடக்குமா? நான் அவங்களைத் தப்பாப் பேசலை. ராசியில்லாதவன்னு பேசறதெல்லாம் மூட நம்பிக்கை. ஆனா நோட்டு பொய் சொல்லாது. அந்த அம்மா நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது."

மீனாம்பாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "எழுத்து அழகா இருக்குங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. முடிச்சுப் போடுகிறவர் எந்தக் காலத்தில் வீட்டோடு நிறுத்தினார்? தண்ணீர்க் குழாயடியில் சொன்னார், சலூனில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். ராசி என்று சொல்லியிருந்தால் யாராவது சண்டைக்கு வந்திருப்பார்கள். பதினாலுக்கு ஒன்பது என்றால் யார் சண்டைக்கு வருவார்கள்? ஷரீபாவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு வீட்டில் வலி கண்டு ஒரு பகல் முழுவதும் ஆன பிறகும், வெள்ளையம்மாள் கெஞ்சிக் கேட்டும், ஷரீபா வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டு, கடைசியில் அந்தப் பெண்ணை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏதோ தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். மாத்ருபூதம் அந்தப் பிரசவத்தை நோட்டில் ஏற்றவில்லை. தென்னூருக்கு வெளியே பிறந்த பிள்ளை கணக்கில் சேராது அல்லவா?

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்து காபி குடிக்கிற நேரத்தில் பூரணிக்கு வலி எடுத்தது. வெள்ளையம்மாள் வந்தாள். மாத்ருபூதம் ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு, நோட்டில் முப்பத்தேழாவது வரிசைக்குக் கோடு இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்தவர் என்ற கட்டத்தில் வெள்ளையம்மாள் என்று முன்கூட்டியே பென்சிலால் எழுதிவிட்டார். எட்டு மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. உள்ளே இருந்து பூரணியின் குரல் வரும்போதெல்லாம் அவர் பென்சிலைச் சீவினார். பதினொன்றரைக்குள் புதுப் பென்சில் சுண்டுவிரல் அளவு ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு வெள்ளையம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அய்யா, பிள்ளைக்குத் தலை சரியா நிக்கலை. இது எனக்கு மேல்பட்டது. ஷரீபாம்மாவைக் கூட்டியாரச் சொல்லுங்க."

மாத்ருபூதம் எழுந்து நின்றார். "வெள்ளையம்மா, நீ விவரம் தெரியாமப் பேசுறே. நீ பார்த்த இருபத்திரண்டுல கஷ்டம் ரெண்டு. அந்த அம்மா பார்த்த பதினாலுல ஒம்பது. யாரு கை நல்ல கை? நீயே சொல்லு."

"எந்த ஒம்பதுங்க?"

அவருக்கு இது பிடித்த கேள்வி. அந்த நிலைமையிலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "பள்ளிவாசல் தெரு, சாரா பீவி. பங்குனி மாசம்."

"அதை ரெண்டு நாள் நான்தான் பார்த்துட்டு இருந்தேன். முடியலை. நான்தான் ஷரீபாம்மாவுக்கு ஆள் அனுப்பினேன்."

"மலைக்கோட்டை போற வழியில, கொத்தனார் வீடு. இரட்டைப் பிள்ளை."

"முதப் பிள்ளை எடுத்தது நானு. ரெண்டாவது குறுக்கே கிடந்துச்சு. நான்தான் கூப்பிட்டேன்."

"மாரியம்மன் கோயில் சந்து."

"அதுவும் நான்தான்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று விரலை வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். ஒன்பதாவதைப் படிக்கவில்லை, அவளே சொன்னாள்.

"ஒம்பதும் என் கையில ஆரம்பிச்சதுங்க அய்யா. நல்லபடியா வர்றதை நானே பார்த்துடுவேன். சிக்கல்னு தெரிஞ்சா அவங்களைக் கூப்பிடுவேன். அதுக்குத்தானே அவங்க படிச்சிருக்காங்க?"

"ஒம்பதுலயும் உன் பேரு ஏன் இல்லை?"

"உங்க நோட்டுல ஒரு பேருக்குத்தானே இடம் விட்டிருக்கீங்க. பிள்ளை அழுவுறப்ப யாரு இருந்தாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டீங்க."

"இதை ஏன் நீ அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

மாத்ருபூதம் நோட்டைப் பார்த்தார். ஒன்பது சிவப்புக் கோடுகளும் அப்படியே இருந்தன. ஒரு எண்கூடத் தப்பில்லை. முப்பத்தாறும் சரி, பதினாலும் சரி, ஒன்பதும் சரி. கஷ்டம் இருந்த இடத்துக்கு ஷரீபா போயிருக்கிறாள். ஷரீபா போன இடத்துக்குக் கஷ்டம் வந்தது என்று அவர் படித்துவிட்டார். இவ்வளவுதான் தப்பு. இந்த ஒரு தப்புக்காகத்தான் அவர் மகள் கதவுக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயம் வந்தது. ஐம்பது வயதில் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

மீனாம்பாள் சமையல் கட்டு நிலைப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். "ஏங்க, உங்க செருப்பு வாசல்லதான் இருக்கு" என்றாள்.

செருப்பைப் போடாமலே ஓடினார்.

ஷரீபா வீட்டில் இல்லை. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், ரங்கநாயகி அம்மாள் வீட்டில் மருமகளுக்குப் பிரசவம் என்று விடியற்காலையிலேயே போயிருந்தாள். தென்னூரில் கூப்பிடுகிறவர்கள் குறைந்த பிறகு ஆற்றைத் தாண்டித்தான் அவளுக்கு வேலை. மாத்ருபூதம் மெயின்கார்டு கேட் வரைக்கும் ஓடி பஸ்ஸைப் பிடித்தார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே செம்மண் நிறத்தில் இரு கரையும் முட்டத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் அவர் மனம் சும்மா இருந்ததா? கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் பஸ் நிற்கிறது, இந்தக் கண்டக்டர்தான் காரணம், விசிலை வாங்கிக் காவிரியில் போட்டால் பஸ் நேராக ஸ்ரீரங்கம் போய்விடும் என்று அது பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தது. பழக்கம் அப்படி.

ரங்கநாயகி அம்மாள் வாசலுக்கு வந்தபோது வெறுங்காலும் வேர்த்த முகமுமாக ஒருவர் நிற்பதைப் பார்த்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"ஷரீபாம்மா இருக்காங்களா?"

"இருக்கா. இப்பத்தான் எல்லாம் முடிஞ்சது. பெருமாள் அனுக்ரஹம், சுகப்பிரசவம், பேரன் பிறந்திருக்கான். கொல்லையில கை அலம்பிண்டிருக்கா. நீங்க உட்காருங்கோ, தீர்த்தம் தரேன்."

சுகப்பிரசவம் என்ற சொல் அவர் காதில் விழுந்தது. சட்டைப் பையைத் தடவினார். நோட்டு தென்னூரில் நாற்காலியில் கிடந்தது.

ஷரீபா ஈரக் கையோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். யார் என்று அவளுக்குத் தெரியும். தென்னூரில் யாருக்குத்தான் தெரியாது? அவர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பூரணி பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு தலை சரியாக நிற்கவில்லை என்று வெள்ளையம்மாள் சொன்னதைச் சொன்னார். ஷரீபா கேட்டுக்கொண்டாள். வலி எப்போது எடுத்தது, தண்ணீர் போய்விட்டதா என்று கேட்டாள். அதற்குள் பையை எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

பை வாரை இழுத்து மாட்டும்போது, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அய்யா, நான் வந்தா உங்க நோட்டுல எனக்குப் பத்தாவது கோடு விழும். பரவாயில்லைங்களா?"

மாத்ருபூதத்துக்கு முகம் சிவந்தது. வெட்கம்தான், வேறு பெயர் வைத்து அதை மறைக்க வேண்டியதில்லை. "விழட்டும்மா" என்றார். "தப்பு உன்னுதில்லை. நீ வந்தாப் போதும்."

"அல்லா இருக்கான், வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.

ரங்கநாயகி அம்மாள் ஆளை அனுப்பி வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார். இரண்டு மணி இருபது நிமிஷத்துக்குக் கார் தென்னூருக்கு வந்து நின்றது. ஷரீபா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாத்ருபூதம் கூடத்தில் நின்றார். உட்கார மறந்துவிட்டார். எதிர் வீட்டு சவரிராஜ் வந்து அவர் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். எஞ்சின் குரல்காரர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதைத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. மூன்று மணிக்குக் குழந்தை அழுதது.

பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

பிறகு என்ன? வீடு முழுக்கக் காரணம் சொல்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். மீனாம்பாள் மலைக்கோட்டை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, காலையிலேயே தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் அந்தச் சாமி. மாத்ருபூதம் என்றாலும் தாயுமானவர்தான்; அவர் பெயரைத்தான் தன் புருஷனும் சுமந்துகொண்டு திரிகிறார், இருந்தும் என்ன பிரயோஜனம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். வெள்ளையம்மாள் பதினொரு மணிக்குத் தான் கொடுத்த சீரகக் கஷாயம்தான் வேலை செய்தது என்றாள். சவரிராஜ் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொல்லித் தன் வீட்டில் சொல்லி அனுப்பியதை இப்போதுதான் வெளியிட்டார். நடுவில் மாத்ருபூதம் நாற்காலியில் கிடந்த நோட்டை எடுத்தார். முப்பத்தேழாவது வரிசை. பென்சிலால் எழுதியிருந்த வெள்ளையம்மாளை ரப்பரால் அழித்தார். ஷரீபா என்று எழுதப் பென்சிலை வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

ஷரீபா கை கழுவிக்கொண்டிருந்தாள். அவரே வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

"நீ உள்ள போய் என்னம்மா செஞ்சே?"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறாள். ஒரு ஆண்பிள்ளை அப்படிக் கேட்டதில்லை.

"ஒண்ணும் செய்யலைங்க."

"சும்மா சொல்லாதே."

"நெசந்தாங்க. நான் உள்ள போயி வயித்தைத் தொட்டுப் பார்க்கும்போதே தலை தானாத் திரும்பி சரியாயிருச்சு. சில பிள்ளை அப்படி, அதுபாட்டுக்குத் திரும்பிக்கும். பூரணி கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நான் வராட்டியும் பொறந்திருக்கும். நீங்க கார்ல வேர்த்துக்கிட்டு வந்ததுதான் மிச்சம்."

மாத்ருபூதம் கயிற்றை விட்டார். "அப்ப அந்த ஒம்பது?"

"அது வேறைங்க" என்றாள் ஷரீபா, சேலை நுனியில் கையைத் துடைத்தபடி. "அதுல சிலது நான் போகலேன்னா என்னவாயிருக்கும்னு எனக்கே தெரியும். இரட்டைப் பிள்ளை வீட்டுல ரெண்டாவதை உள்ள கையை விட்டுத் திருப்பித்தான் எடுத்தேன். நீங்க கோடு போட்டீங்களே, அந்த ஒம்பதுதான் நான் வேலை செஞ்சது. இதுல நான் சும்மாதான் இருந்தேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாத்ருபூதம் தெருமுனை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் குழாயடிக்கும் சலூனுக்கும் ரேஷன் கடைக்கும் போய், சொன்னவர்களிடமெல்லாம் தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். சரி, அவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். எங்கே திருந்தினார்? அடுத்த தீபாவளிக்குள், பேத்தி சிரிக்கும்போதெல்லாம் தெருவில் தபால்காரர் வருகிறார் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நோட்டில் அந்த முப்பத்தேழாவது வரிசையில், பார்த்தவர் என்ற கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

இருக்கட்டும். அவரை விடுங்கள். உங்களிடம் ஒரு வார்த்தை.

கிணற்றடியில் ஷரீபா 'ஒண்ணும் செய்யலைங்க' என்றபோது உங்கள் முகம் ஏன் அப்படிப் போயிற்று? ஏமாற்றமாக இருந்ததா? குழந்தை அழுத உடனே, பார்த்தாயா, ஷரீபா வந்தாள், பிழைத்தது என்று நீங்கள் மனசுக்குள் தலையாட்டியது எனக்குத் தெரியும். வாழைத்தாரைப் பார்த்துச் சிரித்தீர்கள், கஷாயத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், மெழுகுவத்தியைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் காரணம் மட்டும் படித்த காரணம், அதனால் அது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டீர்கள். நான் அப்படி எழுதினேனா? போய்ப் பாருங்கள். ஷரீபா உள்ளே போனாள், மூன்று மணிக்குக் குழந்தை அழுதது என்று இரண்டு சங்கதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மற்றதெல்லாம் உங்கள் கைவேலை.

மாத்ருபூதமாவது எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை போய்க் கேட்டார்.